‘ரேம் மட்டும் நீங்களே கொண்டு வாங்க!’ - கேமிங் பிசி அசெம்பிள் செய்பவர்களுக்கு வந்த புதுச் சிக்கல் என்ன?

கண்ணாடி கேபினெட் ரெடி. வண்ண விளக்கு எரியும் ஃபேன் ரெடி. கிராபிக்ஸ் கார்டு, மதர்போர்டு, புராசஸர் எல்லாமே ரெடி. ரேம் மட்டும் இல்லை. அதை நீங்களே வாங்கிக் கொடுத்தால், பொருத்தி, சோதித்துப் பார்த்து அனுப்பி வைப்போம் என்கிறது கடை.

இது ஏதோ தெருமுனைக் கடை சொல்லும் சாக்கு இல்லை. கேமிங் கம்ப்யூட்டர்களை அசெம்பிள் செய்து விற்கும் அமெரிக்காவின் மெயின்கியர் நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்த திட்டம். கம்ப்யூட்டர் விற்பதையே தொழிலாக வைத்திருக்கும் நிறுவனமே ரேம் விஷயத்தில் கையை விரித்தால், வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பாகமாகச் சேர்க்கும் கல்லூரி மாணவரின் நிலை என்ன?

ரேம் விலை ஏன் இப்படி எகிறியது? சொந்தமாக பிசி அசெம்பிள் செய்ய நினைப்பவர்கள் இப்போது வாங்கலாமா, காத்திருக்கலாமா? எந்தப் பாகத்தில் செலவைக் குறைக்கலாம், எதில் குறைக்கவே கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

எவ்வளவு ஏறியது?

2025-ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை, அமெரிக்கச் சந்தையில் 32 ஜிபி டிடிஆர்5 ரேம் ஜோடி ஒன்று சுமார் 100 டாலருக்குக் கிடைத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அதே ஜோடியின் விலை 300 டாலரைத் தாண்டிவிட்டது. ஒரு சில மாதங்களில் மூன்று மடங்கு!

இந்தியாவுக்கு ரேம் இறக்குமதியாகத்தான் வருகிறது. அதனால் அங்கே ஏறினால் இங்கேயும் ஏறும். போதாக்குறைக்கு, 2025 டிசம்பரில் ஒரு டாலரின் மதிப்பு 90 ரூபாயைத் தாண்டியது. இதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் சரி, டெல்லி நேரு பிளேஸில் வாங்கினாலும் சரி, பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கினாலும் சரி, அடி ஒன்றுதான்.

சின்னப் பாகம்... பெரிய பாதிப்பு

‘ரேம் தானே, மொத்த பட்ஜெட்டில் அது கொஞ்சம்தானே’ என்று தோன்றலாம். இங்கேதான் விஷயம் இருக்கிறது.

ஒரு கணக்குக்கு 80 ஆயிரம் ரூபாய் பட்ஜெட் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 8 ஆயிரம் ரூபாய் ரேமுக்குப் போகும். கேம் எவ்வளவு தெளிவாக, எவ்வளவு வேகமாக ஓடும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கு 40 சதவீதம், அதாவது 32 ஆயிரம் ரூபாய்.

இப்போது ரேம் விலை மூன்று மடங்கானால் 8 ஆயிரம் 24 ஆயிரம் ஆகிறது. கூடுதலாகத் தேவைப்படும் 16 ஆயிரம் ரூபாயை எங்கிருந்து எடுப்பது? பட்ஜெட்டைக் கூட்ட வழியில்லை என்றால் கிராபிக்ஸ் கார்டில்தான் கை வைக்க வேண்டும். 32 ஆயிரம் 16 ஆயிரமாகக் குறையும். அதாவது ரேம் ஒன்று விலை ஏறியதால், கேமுக்கு உயிரான பாகத்தின் பட்ஜெட் சரிபாதி ஆகிவிடுகிறது.

பாதிக்கப்படுவது கேம் விளையாடுபவர்கள் மட்டுமில்லை. வீட்டில் அசெம்பிள் செய்யும் இதே கம்ப்யூட்டரில்தான் பலர் வீடியோ எடிட்டிங் செய்கிறார்கள், அனிமேஷன் கற்றுக்கொள்கிறார்கள், கேம் உருவாக்கிப் பழகுகிறார்கள். விளையாட்டுக்கு என்று வீட்டில் அனுமதி வாங்கி, அதையே தொழிலாக மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. அவர்களுக்கு இது பொழுதுபோக்குச் செலவு இல்லை, முதலீடு.

ரேமுக்கு என்ன ஆச்சு?

ஒரே வரியில் சொன்னால், ஏஐ டேட்டா சென்டர்கள். கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

உலகின் ரேம் சில்லுகளில் பெரும்பகுதியைத் தயாரிப்பது மூன்றே நிறுவனங்கள். தென் கொரியாவின் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். கடையில் எந்தப் பெயர் போட்ட ரேமை வாங்கினாலும், உள்ளே இருக்கும் சில்லு பெரும்பாலும் இந்த மூவரில் ஒருவருடையதாகத்தான் இருக்கும். சீனாவின் சிஎக்ஸ்எம்டி நிறுவனமும் வளர்ந்து வருகிறது. ஆனால் இந்த மூவரின் இடத்தை நிரப்பும் அளவுக்கு இன்னும் வரவில்லை.

ஏஐ வேலைகளுக்கான சில்லுகளுக்கு ‘ஹெச்பிஎம்’ என்ற தனி வகை நினைவகம் தேவை. ரேம் சில்லுகளையே ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிச் செய்வது இது. சாதாரண ரேமும் இதுவும் ஒரே மாதிரியான சிலிக்கான் தட்டிலிருந்துதான் பிறக்கின்றன. ஆனால் ஒரு ஜிபி ஹெச்பிஎம் செய்ய, ஒரு ஜிபி டிடிஆர்5-க்குத் தேவைப்படுவதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு சிலிக்கான் தேவை.

நம்ம ஊர் பால்கோவா மாதிரி யோசித்துப் பாருங்கள். ஊரில் கறக்கும் பால் அதே அளவுதான். ஒரு கிலோ பால்கோவாவுக்குப் பல லிட்டர் பால் வேண்டும். ஆனால் பால்கோவாவில் லாபம் அதிகம், பெரிய கடைக்காரர் முன்பணமும் கொடுத்துவிடுகிறார். பால்காரர் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டால், காலையில் டீக்கடைக்குப் பால் வராது. வந்தாலும் பழைய விலைக்கு வராது. இப்போது கேமிங் பிசி அசெம்பிள் செய்பவர்கள் அந்த டீக்கடைக்காரர் நிலையில்தான் இருக்கிறார்கள்.

சாதாரண ரேமும் ஏஐ பக்கம் போகிறது. டேட்டா சென்டர்களில் இருக்கும் சர்வர்களுக்கும் டிடிஆர்5 வேண்டும், அதுவும் மூட்டை மூட்டையாக. 2025 அக்டோபர் 1-ஆம் தேதி சாட்ஜிபிடி-யின் தாய் நிறுவனமான ஓப்பன்ஏஐ, தனது ‘ஸ்டார்கேட்’ திட்டத்துக்காக சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ் நிறுவனங்களுடன் உடன்பாடு செய்தது. அதில் பேசப்பட்ட இலக்கு, மாதத்துக்கு 9 லட்சம் சிலிக்கான் தட்டுகள் வரை. ஒரே வாடிக்கையாளர் இவ்வளவு கேட்டால், சில்லறையில் ஒரு ஜோடி வாங்குபவருக்கு வரிசையில் எங்கே இடம் கிடைக்கும்?

கடையை மூடிய மைக்ரான்

அடுத்த அடி 2025 டிசம்பர் 3-ஆம் தேதி விழுந்தது. ‘குரூசியல்’ என்ற பெயரில் நேரடியாக மக்களுக்கு ரேமும் எஸ்எஸ்டி-யும் விற்றுவந்த தொழிலையே விட்டு வெளியேறப்போவதாக மைக்ரான் அறிவித்தது. பட்ஜெட்டில் பிசி அசெம்பிள் செய்பவர்களுக்கு ஏறக்குறைய 30 ஆண்டுகளாகப் பழக்கமான பெயர் அது. 2026 பிப்ரவரி வரை மட்டுமே சரக்கு அனுப்பப்படும், ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு வாரன்ட்டி தொடரும் என்று நிறுவனம் கூறியது.

காரணத்தையும் மறைக்கவில்லை. ஏஐ டேட்டா சென்டர்களின் தேவை அதிகமாகிவிட்டது, பெரிய வாடிக்கையாளர்களுக்குச் சரக்கு கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் அந்த விளக்கத்தின் சாரம். அந்தப் பட்டியலில் வீட்டில் பிசி அசெம்பிள் செய்பவர் இல்லை.

வளர்த்துவிட்டவர்களே வரிசையில் கடைசி

இதில் இன்னொரு கதையும் இருக்கிறது. இன்று ஏஐ சில்லுகளின் ராஜாவாக இருக்கும் என்விடியா, 1993-ல் தொடங்கி கேமிங் கிராபிக்ஸ் கார்டு விற்று வளர்ந்த நிறுவனம். கேம் விளையாடுபவர்கள் கொடுத்த காசுதான் அதன் அடித்தளம்.

2022 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் கூட என்விடியாவுக்கு கேமிங் மூலம் 1,246 கோடி டாலர் வருமானம். டேட்டா சென்டர் மூலம் வந்தது 1,061 கோடி டாலர். கேமிங்தான் முதலிடம்.

மூன்றே ஆண்டுகளில் காட்சி தலைகீழ். 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் டேட்டா சென்டர் வருமானம் சுமார் 11,500 கோடி டாலர். கேமிங் சுமார் 1,135 கோடி டாலர். கேமிங் சரிந்துவிடவில்லை, ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறது. ஆனால் பத்து மடங்கு பெரிய வாடிக்கையாளர் ஒருவர் கடைக்குள் வந்துவிட்டார்.

கேமர்களுக்கு இந்த அனுபவம் புதிதும் இல்லை. 2020-21-ல் கிரிப்டோ நாணய ‘மைனிங்’ செய்பவர்கள் கிராபிக்ஸ் கார்டுகளை மொத்தமாக அள்ளினார்கள். 2020 செப்டம்பரில் 699 டாலருக்கு அறிமுகமான ஆர்டிஎக்ஸ் 3080, அந்த விலைக்குக் கிடைப்பதே அரிதாக இருந்தது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் தனது முறையை மாற்றி, கிராபிக்ஸ் கார்டு மைனிங்கே தேவையில்லை என்றாக்கிய பிறகுதான் அந்தக் கதை முடிந்தது.

ஆனால் ஒரு வித்தியாசம். அப்போது தட்டுப்பாடு கிராபிக்ஸ் கார்டுக்கு. இப்போது நினைவகத்துக்கு. கிராபிக்ஸ் கார்டுக்குள்ளும் நினைவகம் உண்டு, எஸ்எஸ்டி-க்குள்ளும் உண்டு, செல்போனிலும் உண்டு. சில்லறை விலையில் சின்ன கம்ப்யூட்டர் என்று பெயரெடுத்த ராஸ்பெர்ரி பை கூட 2025 டிசம்பரில் விலையை ஏற்றியது. தப்பிக்க வேறு சந்து இல்லை என்பதுதான் இந்த முறை சிக்கல்.

உற்பத்தியைக் கூட்டினால் தீராதா?

தீரும், ஆனால் உடனே இல்லை. சில்லு ஆலை என்பது ஆறு மாதத்தில் எழுப்பும் கட்டடம் இல்லை. மைக்ரான் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் கட்டிவரும் புதிய ஆலையிலிருந்து முதல் தட்டு வெளிவர 2027 ஆகும் என்பது அந்த நிறுவனத்தின் திட்டம்.

நிறுவனங்களுக்குப் பழைய பயமும் உண்டு. கொரோனா காலத்தில் கம்ப்யூட்டர் விற்பனை எகிறியது, பிறகு 2022-23-ல் சரக்கு தேங்கி ரேம் விலை அடிமட்டத்துக்குப் போனது. 2023 நிதியாண்டில் மைக்ரானுக்கு மட்டும் 580 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். சூடு கண்ட பூனை மாதிரி, இப்போது ஆலையை விரிவாக்க ஒவ்வொருவரும் யோசித்து யோசித்துத்தான் அடி வைக்கிறார்கள்.

‘இந்தியாவிலேயே சில்லு ஆலை வருகிறதே?’ என்று கேட்கலாம். குஜராத்தின் சனந்தில் மைக்ரான் அமைத்திருப்பது, வெளிநாட்டில் தயாரான சில்லுகளைப் பிரித்து, உறையிட்டு, சோதிக்கும் ஆலை. சிலிக்கான் தட்டு அங்கே உருவாகாது. தோலேராவில் டாடா நிறுவனம் கட்டும் ஆலையும் ரேம் சில்லுக்கானது அல்ல. நாட்டுக்கு இவை முக்கியமான முதல் படிகள்தான். ஆனால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ரேம் விலையை இவை உடனே இறக்கிவிடாது.

அப்போ என்ன செய்யலாம்?

சொந்தமாக அசெம்பிள் செய்வதில் இருக்கும் பெரிய வசதியே, எதற்கு எவ்வளவு என்று நாமே முடிவு செய்யலாம் என்பதுதான். அந்த முடிவை இப்போது கொஞ்சம் மாற்றி எடுக்க வேண்டியிருக்கிறது.

1. ஏற்கெனவே கம்ப்யூட்டர் இருக்கிறதா? முதலில் அதைத் திறந்து பாருங்கள்

பழைய கம்ப்யூட்டரில் டிடிஆர்4 ரேம் இருந்தால், அது இப்போது சொத்து. ஏஎம்டி-யின் ஏஎம்4 மதர்போர்டு வைத்திருப்பவர்கள், அதே போர்டு, அதே ரேமை வைத்துக்கொண்டு புராசஸரையும் கிராபிக்ஸ் கார்டையும் மட்டும் மாற்றலாம். புதிய ஏஎம்5-க்கு மாறினால் டிடிஆர்5 கட்டாயம். இன்டெலின் 12, 13, 14-ஆம் தலைமுறை புராசஸர்களுக்கு டிடிஆர்4 மதர்போர்டும் உண்டு, டிடிஆர்5 மதர்போர்டும் உண்டு. வாங்கும்போது இதைக் கேட்டு வாங்க வேண்டும், ஏன்னா டிடிஆர்4 குச்சி டிடிஆர்5 ஸ்லாட்டில் நுழையவே நுழையாது. புதிதாக டிடிஆர்4 வாங்கினால் மலிவாக முடியும் என்றும் நினைக்க வேண்டாம். அதன் உற்பத்தியைக் குறைத்துவருவதால் அதுவும் விலை ஏறித்தான் இருக்கிறது.

2. 32-க்குப் பதில் 16 ஜிபி போதுமா?

பெரும்பாலான கேம்கள் 16 ஜிபி-யில் ஓடும். 32 ஜிபி இருந்தால் பின்னணியில் பிரவுசர், ரெக்கார்டிங் எல்லாம் தாராளமாக ஓடும். வீடியோ எடிட்டிங், அனிமேஷன் வேலை என்றால் 32 ஜிபி தேவைதான். கேம் மட்டும் என்றால் 16 ஜிபி-யில் தொடங்கலாம்.

இரண்டு 8 ஜிபி குச்சியா, ஒரே 16 ஜிபி குச்சியா? இரண்டு குச்சி போட்டால் தகவல் இரண்டு வழியில் போய்வரும், வேகம் கிடைக்கும். ஒரே குச்சி போட்டால் வேகம் குறையும், ஆனால் பிறகு இன்னொன்று சேர்த்து 32 ஜிபி ஆக்கலாம். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கொஞ்ச காலத்துக்கு ஒரே குச்சியில் சமாளிக்கலாம். புராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸை மட்டும் நம்பியிருந்தால் இரண்டு குச்சி அவசியம், இல்லையென்றால் கேம் திணறும்.

3. போட்டோவுக்கு ரேம் வாங்காதீர்கள்

அசெம்பிள் செய்த பிசி-யைப் படம் எடுத்து நண்பர்களிடம் காட்டுவது தனி சுகம். நான்கு ஸ்லாட்டும் நிரம்பி, வரிசையாக விளக்கு எரிந்தால் படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் டிடிஆர்5-ல் நான்கு குச்சி போட்டால் பெரும்பாலும் வேகம் இறங்கிவிடும். காலி ஸ்லாட் கண்ணை உறுத்தக்கூடாது என்பதற்காகவே, விளக்கு மட்டும் எரியும், உள்ளே நினைவகம் எதுவுமே இல்லாத டம்மி குச்சிகளை கோர்சேர் நிறுவனம் சில ஆண்டுகளுக்கு முன்பே விற்றது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

விளக்கு, அதிவேக எண் இரண்டுக்கும் கூடுதல் விலை உண்டு. ஏஎம்டி-யின் ‘எக்ஸ்3டி’ வகை புராசஸர் வாங்குபவர்களுக்கு அதிவேக ரேமால் கிடைக்கும் பலன் இன்னும் குறைவு. அந்தப் புராசஸருக்குள்ளேயே பெரிய தற்காலிக நினைவகம் இருக்கிறது. 9800எக்ஸ்3டி-யில் மட்டும் அது 96 எம்பி.

காசு செலவில்லாமல் வேகம் கூட்ட ஒரு வழி உண்டு. பயோஸ் அமைப்பில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற வசதியை ஆன் செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால், 6000 வேகத்துக்குக் காசு கொடுத்து வாங்கிய ரேம் அதைவிடக் குறைந்த அடிப்படை வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

4. கிராபிக்ஸ் கார்டில் பெயரை மட்டும் பார்க்காதீர்கள்

2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வகையாக வந்தது. அறிமுக விலை 379 டாலர், 429 டாலர். ஏஎம்டி-யின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி-யும் அப்படியே. பெட்டியில் பெயர் ஒன்றுதான், உள்ளே நினைவகம் பாதி. புதிய கேம்களை உயர் தரத்தில் ஓட்டும்போது 8 ஜிபி நிரம்பிவிட்டால் காட்சி தடுக்கும். ரேமைப் பிறகு சேர்க்கலாம், கார்டுக்குள் இருக்கும் நினைவகத்தைப் பிறகு சேர்க்க முடியாது. எனவே கையில் இருக்கும் காசை எங்கே போடுவது என்று குழப்பம் வந்தால், இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

5. பவர் சப்ளையில் கை வைக்கவே வைக்காதீர்கள்

பட்ஜெட் இடிக்கும்போது பலரும் முதலில் வெட்டுவது பவர் சப்ளையைத்தான். படத்தில் தெரியாது, பேச்சிலும் வராது. ஆனால் மற்ற எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் கொடுப்பது அதுதான். தரமில்லாத பவர் சப்ளை பழுதானால் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். வோல்டேஜ் ஏறி இறங்கும் பகுதி என்றால் இது இன்னும் முக்கியம். குறைக்க வேண்டுமென்றால் கேபினெட்டில், கூடுதல் ஃபேனில், வண்ண விளக்கில் குறைக்கலாம்.

6. பழைய ரேம் வாங்குகிறீர்களா?

ரேம் சீக்கிரம் தேயும் பாகம் இல்லை என்பதால் பழையது வாங்குவதில் தவறில்லை. ஆனால் விலை ஏறும்போது போலிகளும் கூடவே வரும். ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை மட்டும் நம்பாமல், கம்ப்யூட்டரில் போட்டு அளவையும் வேகத்தையும் பாருங்கள். மெம்டெஸ்ட்86 என்ற இலவச சோதனையை ஒரு முறையாவது முழுசா ஓட்டிப் பார்த்த பிறகு காசு கொடுங்கள். புதிது என்றால் பில் கட்டாயம். ‘பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன்’ என்ற பேச்சுக்கு மயங்கினால், மிச்சமாவது சில நூறு, போவது பல ஆண்டு வாரன்ட்டி.

வாங்கலாமா, காத்திருக்கலாமா?

ரேம் விலை ஏறுவதும் இறங்குவதும் சுழற்சிதான். 2022-23-ல் இறங்கியது போல மறுபடியும் இறங்கும். ஆனால் புதிய ஆலைகளின் கணக்கே 2027 என்று இருக்கும்போது, ‘அடுத்த மாசம் குறைஞ்சிடும்’ என்று நாள் தள்ளுவதில் அர்த்தமில்லை.

எனவே கேள்வியை மாற்றிக் கேட்பது நல்லது. படிப்புக்கோ வேலைக்கோ இப்போதே தேவையென்றால், தேவைக்கு மட்டும் ரேம் போட்டு, சேர்க்க இடம் வைத்து அசெம்பிள் செய்யலாம். இருக்கும் கம்ப்யூட்டர் ஓடுகிறது, புதியது ஆசைக்குத்தான் என்றால் காத்திருப்பதில் நஷ்டமில்லை. கடன் வாங்கியோ, மாதத் தவணையிலோ உச்ச விலையில் 64 ஜிபி போடுவதற்கு மட்டும் அவசரமே இல்லை.

இத்தனை நாள் அசெம்பிள் செய்த பிசி-யில் காலியாக இருக்கும் ஸ்லாட்டைப் பார்த்தால் நண்பர்கள் ‘என்னப்பா, முடிக்கலையா?’ என்று கேட்பார்கள். இனி கேட்டால் தயங்காமல் சொல்லலாம்: ‘விலை இறங்கட்டும், அப்புறம் போட்டுக்கலாம்னு விட்டு வச்சிருக்கேன்!’